சோடாப் புட்டித் துண்டுகள்

என்னங்க,

இன்று அமாவாசைதான். ஆனாலும் வாளியிலிருக்கும் சோடாப் புட்டித் துண்டுகளை உப்பு மிளகாயோடு எனக்குச் சுற்றி முச்சந்தியில் போட்டுவிடாதீர்கள். மெர்டேக்கா சுதந்திர தின விருந்தில் புட்டி வெடித்து என் கையைக் கிழித்தது திருஷ்டி இல்லை, புட்டியின் கோளாறு. பாக்கியலட்சுமி அக்கா வீட்டிலும் அதே கம்பெனிப் புட்டி திறக்குமுன்பே வெடித்ததாம். "எனக்குமா கண்ணு பட்டுச்சு?" என்று சிரிக்கிறார்.

மாலையில் கம்பெனி ஆள் வருகிறார். துண்டுகளைக் காட்டினால் மருத்துவச் செலவும், நான் துணி தைக்க முடியாத நாட்களின் கூலியும் தருவார்களாம். "அவங்ககிட்ட நமக்கு எதுக்குடி வம்பு?" என்று நேற்று என்னிடம் கத்தியதுபோல் கத்தி, அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சாட்சி சொல்ல அக்காவை ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்து அழைத்துவரப் போகிறேன்.

கீரைச் சாம்பார் மூடி வைத்திருக்கிறேன்.

கமலவேணி

பி.கு.: கைத் தையலைக் காலையில் ஆஸ்பத்திரியில் பிரித்துவிட்டார்கள்! இத்தனை நாள் நீங்கள் எனக்கு ஊட்டினீர்கள். இன்று ராத்திரி நான் உங்களுக்கு ஊட்டுகிறேன். மிச்சச் சண்டையைச் சாப்பிட்ட பிறகு போடலாம்.