பச்சை நூலை ஒட்டிய குளிர்காலம்

டிசம்பர் 4

கணுக்காலில் மாவுக்கட்டு. குளிர் போகும்வரை பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியே காலம் தள்ளியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? இன்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பினேன். ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வந்த மனைவி பார்த்துவிட்டு, "அடுத்து என்னைக் கழட்டுவீங்களா?" என்றாள்.

டிசம்பர் 6

அவளுடைய தங்கை இரண்டு பின்னல் ஊசிகளோடு வந்தாள். பின்னல் நான் சின்ன வயதில் அம்மாவைப் பார்த்துக் கற்றதுதான், கை மறக்கவில்லை. "அத்தான், முதல்ல ஒரு மஃப்ளர் போடுங்க" என்றாள். மஃப்ளரா? வீட்டிலிருக்கும் பழைய ஸ்வெட்டர்களையெல்லாம் பிரித்து, கட்டில் முழுவதும் மூடுகிற போர்வை பின்னப் போகிறேன் என்றேன். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டிசம்பர் 11

மகளின் பள்ளிக்கூட நீல ஸ்வெட்டரைப் பிரித்தேன். பையில் இன்னும் மிட்டாய்க் காகிதம். எத்தனை காலையில் இதை மாட்டிவிட அவள் பின்னால் ஓடியிருக்கிறேன்! இப்போது அவள் பிள்ளையின் பின்னால் அவள் ஓடுகிறாள்.

அடுத்தது என் மனைவியின் கடுகு மஞ்சள் ஸ்வெட்டர். மகள் வயிற்றில் இருந்த குளிர்காலத்தில் அதன் கடைசிப் பொத்தான்கள் சேரவே சேராது. நூலை இழுக்க இழுக்க அந்த நாட்களும் சேர்ந்து வருகின்றன. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

டிசம்பர் 12

பட்டறையிலிருந்து காயில் சுற்றும் மெஷினை வரவழைத்தேன், நூல் சுற்றுவதற்கு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 19

நீலமும் மஞ்சளும் முடிந்தன. நடுவில் ஒரு பச்சை வந்தால் எடுப்பாக இருக்கும். பீரோவின் அடித்தட்டில் ஒரு பச்சை ஸ்வெட்டர் உண்டு. எனக்கும் சில்வண்டுக்கும் பொதுவானது.

சில்வண்டு அவளுடைய தம்பி. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். என்னிடம் தொழில் கற்க வந்து எங்கள் ஒற்றை அறையிலேயே தங்கினான். இரண்டு ஆண்களுக்கும் ஒரே ஸ்வெட்டர்: காலையில் அவன், மாலையில் நான். அவன் உடம்புச் சூட்டோடு கழற்றித் தருவான், "அடுப்புல வச்ச மாதிரி இருக்கு மாமா, போடுங்க" என்பான். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவளுக்குச் சொல்லாமலே பின்னிக் காட்ட வேண்டும். சந்தோஷப்படுவாள்.

டிசம்பர் 20

இதை எப்படி எழுதுவது.

ஓரத் தையல்களை வெட்டினேன். நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. அறுந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததை இழுத்தேன். அதுவும் ஒரு முழம். நீலத்தையும் மஞ்சளையும் போலக் கையால் பின்னியது என்றால் ஒரே நூலாக வந்துகொண்டே இருக்கும். இது கடையில் வாங்கியது. மெஷினில் துணியாகப் பின்னி, பிறகு கத்தரித்துத் தைத்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு தனித் துண்டு. முதல் துண்டோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? அடுத்ததாவது நீளமாக வராதா என்று முன்பக்கம் முழுவதையும் உருவிவிட்டேன்.

அவள் வந்தபோது பேப்பர் மேல் கீரை ஆய்ந்து போட்டதுபோலக் கிடந்தது. தோள் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"இது அவனோடதுதானே?"

"எங்க ரெண்டு பேரோடதும்..."

"அவனோடதுன்னு இந்த ஒண்ணுதாங்க இருந்துச்சு."

மகளின் பழைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

டிசம்பர் 21

ராத்திரியும் மகளின் அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 24

சாப்பாடு போடுகிறாள். மாத்திரை எடுத்துத் தருகிறாள். காலுக்குத் தலையணை வைக்கிறாள். வாயை மட்டும் திறப்பதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பச்சைத் துண்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். எறியவும் மனமில்லை, பார்க்கவும் தைரியமில்லை.

டிசம்பர் 28

மச்சினிக்கு போன் போட்டேன். முதலில் நன்றாக டோஸ் விட்டாள். பிறகு, "சரி, அது அசல் கம்பளியா? ஒரு துண்டைக் கொளுத்தி மோந்து பாருங்க" என்றாள். முடி கருகும் வாசனை வந்தது. கருகல் வாசனையில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எந்த மோட்டாரில் எது போயிற்று என்று மூக்கிலேயே சொல்பவன் நான்.

அசல் கம்பளி என்றால் முடிச்சில்லாமலே ஒட்டலாமாம். இரண்டு நுனிகளையும் சிலுப்பி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

"தண்ணி தொட்டா ஆகாதா?"

"எச்சில்தான் நல்லாப் பிடிக்கும். மூஞ்சியைச் சுளிக்காதீங்க அத்தான், இங்கிருந்தே தெரியுது."

ஜனவரி 3

ஒட்டுகிறது! இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. ஆனால் காலையிலிருந்து தேய்த்தும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் உருண்டை வந்திருக்கிறது. நாக்கெல்லாம் கம்பளி ரோமம்.

தேய்க்கத் தேய்க்க அவன் ஞாபகம்தான். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசுவான். "முழுங்கித் தொலைக்காதேடா" என்று நான் கத்துவேன். உயிரோடு இருந்தபோது அவன் பேச்சை இவ்வளவு பொறுமையாக நான் கேட்டதில்லை.

ஜனவரி 7

கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டீயைக் கொண்டுவந்து வைத்தவள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எச்சில் வறண்டு போச்சு உங்களுக்கு. இங்க குடுங்க."

இரண்டு நுனிகளை வாங்கி, நாக்கில் தொட்டு, என்னைவிட வேகமாகத் தேய்த்தாள். "உங்க மேலயே காரித் துப்பணும் போல இருக்கு எனக்கு" என்றாள்.

"அதை இந்த நூல் மேல துப்பு. வேலையாவது ஆகும்."

சிரித்துவிட்டாள். அப்படியே அழுதாள். லீவு நாளில் நான் பட்டறைக்குப் போன பிறகு அந்த ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாளாம். இத்தனை வருஷமாக! எனக்குத் தெரியவே தெரியாது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் அவன் பேச்சையே எடுக்க மாட்டீங்களே."

"எடுத்தா நீ அழுவேன்னுதான்..."

"அழுதா என்ன?"

அழுதால் என்ன? இத்தனை காலம் எதற்குப் பயந்தேன்? இரண்டு பேரும் இருட்டும்வரை தேய்த்தோம்.

ஜனவரி 12

எங்கள் அறைக்கே திரும்பிவிட்டாள். என் ஊன்றுகோல் காலில் இடறியதென்று வண்டி வண்டியாகத் திட்டினாள். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

பிப்ரவரி 15

முடிந்தது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். கட்டிலின் ஒரு மூலை மூடவில்லை. மச்சினி வந்து கண்ணி கண்ணியாகக் குறை சொல்லிவிட்டு, பச்சைப் பட்டை வந்ததும் மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டு எங்கே இருக்கிறதென்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. கால் சரியாகி, பட்டறையையும் திறந்தாயிற்று. மத்தியானம் சாப்பிட வந்தேன். மனைவி ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை. துவைத்து உள்ளே வைக்கலாமே என்றேன். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

நானும் ஒரு ஓரமாகப் புகுந்துகொண்டேன். சில்வண்டைச் சின்ன வயதில் பல் டாக்டரிடம் கூட்டிப்போன கதையை ஆரம்பித்தாள். வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தானாம்.

"கடைசில அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?"

தெரியும். இந்த மாதத்திலேயே பலமுறை கேட்டாயிற்று.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.