கறுப்புத் துணிக்குள் ஒரு வள்ளம்

சேக்காளி,

நீ போய் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த கையோடு உன் வீட்டார் உன் கறுப்புத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். படம் பிடிக்கும்போது தலையோடு போர்த்திக்கொள்வாயே, அதேதான். படம் கழுவும் மருந்தின் புளிப்பு இன்னும் அதில் இருக்கிறது. முகர்ந்ததும் அழுதுவிட்டேன்.

அந்த வாசம் என்னைப் பழைய தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய்விட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் மணி அடிப்பது என் வேலை. கோயிலின் உட்புறத்தைப் படம் பிடித்துத் தா என்று உன்னை அழைத்ததும் நான்தான். உள்ளே வந்தவன் மேலே பார்த்து அப்படியே நின்றுவிட்டாய். கவிழ்த்த வள்ளத்தின் உட்பக்கம் போல விலா விலாவாக வளைந்த மரக்கூரை.

"ஏலே, வள்ளத்துக்கு அடியில நின்னா சாமி கும்புடுறீக?" என்றாய்.

என்னையும் துணிக்குள் இழுத்துக் காட்டினாய். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கூரை கீழே வந்து நிமிர்ந்த வள்ளமாகிவிட்டது. தொங்கும் விளக்கு அதன் பாய்மரமாக நின்றது. எனக்கு வெளியே வரவே மனமில்லை.

மிச்சமிருந்தது படம் பதியும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்று. உள்ளே வெளிச்சம் மட்டு என்பதால் கேமரா மூடியைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டும். தோரணம் கட்டிய பெண்களோ நிற்கிற பாடில்லை. என் அம்மா விளக்குமாறும் கையுமாகக் குறுக்கே நடந்தாள்.

"அசையாம இருங்க. அசைஞ்சா படத்துல அழிஞ்சு போவீக" என்று கெஞ்சினாய். யார் கேட்டார்கள்!

உச்சி மணி அடித்ததும் எங்கள் சனம் இருந்த இடத்திலேயே மண்டியிடும், செபம் முடியும்வரை அசையாது என்றேன். பீடத்தில் வெயில் இருக்கும்போதே அடித்துவிடச் சொன்னாய். நேரம் தப்பி மணி அடித்தால், கடலில் யாருக்கோ ஆபத்தென்று கரையெல்லாம் அலறி ஓடிவரும். மாட்டேன் என்றேன். முணுமுணுத்தபடி காத்திருந்தாய்.

படம் வந்ததும் உன்மேல் பாய்ந்தேன். கூரை படத்தில் பதிந்திருந்தது, ஆனால் பீடம் இருட்டில் கிடந்தது. வெயில் நகர்ந்து, மண்டியிட்டிருந்த அம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. பக்கத்தில் விளக்குமாறு வேறு!

"ஒங்கம்மாவுக்கு வேற படம் இருக்காடா?" என்று மட்டும் கேட்டாய். இருக்கவில்லை.

பிறகு அந்தப் புயல். கடல் ஊருக்குள் வந்தது. கூரை போயிற்று, அம்மாவும் போனாள், உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டோடு படமும் போயிற்று. அசைந்தால்தான் அழிவு என்றாயே, அசையாத கோயிலே அழிந்ததடா என்று உன்னைத்தான் மனதுக்குள் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

மண்டபத்தில் அகதிகளோடு கிடந்த என்னைத் தேடி நீ நனைந்து வந்தாய். பிளேட் உன் ஊரில் உன்னிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. புதிதாகப் போட்ட படத்தை இந்தத் துணியில்தான் சுற்றிக் கொண்டுவந்தாய். அம்மாவை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

இன்று உச்சி மணி கேட்டது. மண்டியிட்டுத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். இருட்டில் வள்ளம் நிமிர்ந்தே இருந்தது. அம்மா இருந்தாள், பாய்மரத்தடியில் நீயும் இருந்தாய். மணி ஓய்ந்து வெகுநேரமாகியும் நான் அசையவில்லை.