சவக்காலைத் தோட்டம்

மே 5, திங்கள்
இவருக்கு வேலை கிடைத்துவிட்டது! லாசால் தொழிற்சாலை மூடியதிலிருந்து ஏழு மாதம் வீட்டிலிருந்து என் சமையலில் பிழை பிடித்த மனிதர். தோட்ட வேலையாம். கோயிலில் மாலை கட்டும் றஜனிக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன்.

மே 6
தோட்டம் இல்லை. சவக்காலை! பிணம் புதைக்கிற இடம்!
"தோட்டம்தானப்பா. நடுவில கொஞ்சப் பேர் படுத்திருக்கினம்" என்கிறார்.
வாசலிலேயே மறித்து, நேரே குளியலறைக்கு அனுப்பினேன்.

மே 9
வந்ததும் முழுக்கு, பிறகுதான் தேநீர். சப்பாத்து பால்கனியில். முழுகி முழுகி மனிதருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது.

மே 14
சாப்பிடும்போது சரித்திரப் பாடம். பட்டணத்துச் சவக்காலைகள் நிரம்பியதால், நூற்றெழுபது வருடத்துக்கு முன் மலைச்சரிவில் வளைந்த பாதைகள் போட்டு, மரம் நட்டு இதை அமைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக உலாவ வருவார்களாம்.
"நீரும் ஒருக்கா வந்து பாருமன்."
"சவக்காலையில உலாத்தவோ ஊரில இருந்த என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டனீங்கள்?"
முகம் வாடிவிட்டது. பொரியல் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

மே 25, ஞாயிறு
கோயிலில் நாலு பேர் முன்னால் றஜனி: "புஷ்பக்கா, அண்ணையின்ர தோட்டத்தில லைலாக் பூத்திருக்குமே? விசாகத்துக்கு ஒரு கூடை கொண்டுவாங்கோவன்."
தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? சவக்காலைப் பூ முருகனுக்கா? இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

மே 26
"பூப் பிடுங்கினா வேலை போயிடும்" என்றார். பிறகு, "என்ர வேலையைச் சொல்ல உமக்கு வெக்கமோ?"
எழும்பிக் கோப்பை கழுவப் போனேன். ஓம், வெட்கம்தான். அதை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மே 28
மனம் கேட்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். குளம், வளைந்த பாதை, மரமெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. பொய் சொல்லக்கூடாது, அழகுதான்.
மரத்தடி வாங்கில் உட்கார்ந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருத்தி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். றஜனி!
"டொக்டர் நடக்கச் சொன்னவர் அக்கா. எங்கட சனம் கண்டா என்ன நோய் எண்டு துளைக்கும்; அதுகள் ஒருத்தரும் வராத இடம் இதுதான். ஜிம்முக்குப் போறன் எண்டு மாமிக்குச் சொல்லுறனான். வந்து முழுகினாலும் சந்தேகப்படமாட்டா."
இரண்டு வருடமாக இந்த நடை!
அந்த நேரம் பார்த்து இவர் தள்ளுவண்டியோடு வந்தார். என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.
"இவர்தான் என்ர மனுசன். இஞ்சதான் வேலை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஜூன் 8
விசாகத்துக்குக் கடைப் பூ. யாரோ லைலாக் எங்கே என்று கேட்கத் தொடங்க, றஜனி பேச்சை மாற்றிவிட்டாள்.

ஜூன் 24
விடுமுறை. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு நானும் இவரும் றஜனியும் சவக்காலைக்குப் போனோம். இவர் ஒவ்வொரு மரத்துக்கும் சரித்திரம் சொன்னார், நாங்கள் சாப்பிட்டோம்.
வழக்கமாக முழுகிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். இன்று முழுகவில்லை. எப்படியும் வந்து முழுகத்தானே வேண்டும்.