சிவப்புப் பேனாவில் ஒரு பிழைக்குறி

ஞாயிறு, இரவு

இந்த மாதம் மூன்று புத்தகங்கள் படித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்வில் உயரலாம் என்கிறது ஒன்று. அம்மா மடுல்சீமைத் தோட்டத்தில் முப்பது வருடம் அப்படித்தான் எழுந்தாள், வந்தது மூட்டுவலி. அடுத்தது துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. போகட்டும், அவை இரண்டும் என்னைப் பொய் சொல்ல வைக்கவில்லை.

மூன்றாவது, தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நாவல். இன்று பதுளையில் அதன் வெளியீட்டு விழா. தோட்டத்தில் பிறந்த டீச்சர் என்று என்னைப் பேச அழைத்து, புத்தகத்தையும் முன்பே அனுப்பியிருந்தார்கள். "எங்கள் வாழ்க்கையை அப்படியே எழுதியிருக்கிறார்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த அம்மாவும் தட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில், "அப்படி என்னதான் எழுதியிருக்காங்க, கொஞ்சம் வாசி" என்றாள். கதாநாயகி சேலை காற்றில் பறக்கக் கொழுந்து பறிக்கும் இடத்தை வாசித்தேன்.

"இடுப்புல படங்குச் சாக்கு கட்டாமலா மலைக்குப் போனா? தேயிலக் குச்சி ஒரே நாள்ல சேலயக் கிழிச்சிருமே."

"கதைதானேம்மா."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதைத் தினமும் பார்க்கிறவள். அந்த வரியின் ஓரத்தில் இருந்த சிவப்புக் குறியில் விரலை வைத்தாள்.

"இது தப்புக்குப் போடுறதுதானே? எப்பப் போட்ட?"

"போன வாரம்."

"அப்ப என்னைய எதுக்குக் கை தட்ட வச்ச?"