தாய்மாமன் விற்ற வண்டி

அன்பு மகளுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், இத்தனை நாளாக இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடந்த ஒரே உருப்படி வாசலில் நிற்கும் பிக்கப் வண்டிதான். அது ஜம்மென்று ஓடுகிறது என்று ஏழு மாதமாக உனக்கு எழுதி வந்தேன் அல்லவா, அத்தனையும் பொய். நீ இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்து அனுப்பிய பணத்தில் வாங்கியது, எப்படிச் சொல்வேன். இப்போது நீயும் அங்கே கூட வேலை செய்கிறவரிடம் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறாயாம். "நீங்களா எழுதுறீங்களா, இல்ல நான் போன்ல சொல்லட்டுமா" என்று உன் அம்மா கரண்டியோடு நின்றதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

வண்டியை விற்றது உன் தாய்மாமன், அது உனக்குத் தெரியும். அவன் சலவைக்கடைக்குத் துணி ஏற்றிய வண்டி அது, விடுதிக்காரர்களே துணியைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்ததும், தனக்கு ஸ்கூட்டர் போதும் என்று இதை என் தலையில் கட்டினான். "அத்தான், ஒரு பொட்டுப் புகை வராது, அக்கா மேல சத்தியம்" என்றான். நான் இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவன், தெருமுனையில் சத்தம் கேட்டாலே எந்தப் பாகம் நோயில் கிடக்கிறது என்று சொல்கிறவன், எனக்கே வண்டி என்று ஆனதும் சீட் உறையின் பூவைத்தான் பார்த்தேன். நான் பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. எனக்காகத் தயாராக வைத்திருக்கிறானே, என்ன மரியாதை என்று பெருமைப்பட்ட மடையன் உன் அப்பன். ஆறின எஞ்சினைக் கிளப்பினால்தானே புகை தெரியும். அதுவும் தெரியாமல் போக, கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறான்.

பதினோராம் நாள் ஆரம்பித்தது. மரப்பட்டறையில் ஆறு கதவை ஏற்றிக்கொண்டு கிளப்புகிறேன், பின்னால் நீலமாக ஒரு மேகம், பட்டறைக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓடுகிறார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை, கதவைத் திறந்து கிளட்ச் பெடல் ரப்பரைத் தடவிப் பார்த்தார். அது தேய்ந்து வழுக்கையாக இருந்தது. "மீட்டர் அறுபதாயிரம்னு சொல்லுது, ரப்பர் ரெண்டு லட்சத்துக்கு மேலன்னு சொல்லுது. மீட்டரைத் திருப்பினவருக்கு ரப்பரை மாத்தணும்னு தோணல பாருங்க" என்றார். அப்புறம்தான் உள்ளே பார்த்தார், எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்து புகைகிறது, ரேடியேட்டர் ஒழுகல், பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையில் ஒன்று விரிசல், கால் வைக்கிற இடத்தில் ரப்பர் விரிப்பைத் தூக்கினால் துருப்பிடித்த ஓட்டை வழியே தரை தெரிகிறது. துணி வெளுக்கிறவன் மீட்டரையும் வெளுத்துவிட்டான். நான் கணக்கெல்லாம் எழுதுகிறவன் இல்லை, ஆனால் வாரத்தில் ஆறு நடை போனால் ஒரு நடைக் கூலி ஆயிலுக்கே போனது, இன்னொன்று பஞ்சருக்கும் ரேடியேட்டர் ஒட்டுக்கும், காப்பீடும் வரியும் தனி. மிச்சத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

நேரே அவனிடம் போய்க் கேட்டேன். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் துணி கொடுக்க வந்து நிற்கிறார்கள், அவர்கள் காதுபட, "வண்டி நல்ல வண்டிதான் அத்தான், நீங்க ஓட்டுற ஓட்டு அப்படி" என்றான். நான் ஓட்டுகிறதையா குறை சொன்னான்! பணத்தைத் தின்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "என் மேல சத்தியம் பண்ணிட்டு அவன் பொய் சொல்லுவானா, நீங்க எதையாவது தப்பா மிதிச்சிருப்பீங்க" என்கிறாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இவனை விடுவதில்லை என்று.

அவன் கடை நான் பட்டறைக்குப் போகிற வழியில்தானே இருக்கிறது. பக்கத்தில் துணி காயப்போடும் திடல், இடுப்பளவு சுவர், காலை எட்டு மணிக்கு விடுதிக்காரர்களின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கும், அந்த நேரத்தில் காற்று ரோட்டிலிருந்து திடலுக்கு அடிக்கும். தினமும் அந்தச் சுவரோரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து கிளப்பி, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதிப்பேன். நீலப்புகை அப்படியே போய் விரிப்பின் மேல் படுக்கும். உன் மாமன் ஓடிவருவான், வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். என்ன சொல்வான்? புகை வருகிறது என்று சொன்னால் புகைகிற வண்டியை விற்றேன் என்று ஆகிவிடுமே, அக்கா மேல் செய்த சத்தியம் என்னாவது. "பழைய வண்டி மாப்ளே, கொஞ்சம் சூடேறணும், உனக்குத் தெரியாததா" என்பேன். "தெரியும் அத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்புகளை அவிழ்த்து மறுபடி ஊறப்போடுவான். ஐந்து மாதம், மகளே. என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக வேலைக்குப் போனதே இல்லை.

மெக்கானிக், "ரிங்கை இப்பவே மாத்திடுங்க, தள்ளிப்போட்டா மொத்தமும் போயிடும்" என்று மூன்று முறை சொன்னார். என்னிடம் பணம் இல்லை என்று நினைத்துப் பாவப்பட்டார். பணம் இருந்தது. நீ அனுப்பியதில் மீதி, ரிங்குக்குச் சரியாகப் போதும். ரிங்கை மாற்றினால் புகை நின்றுவிடும், புகை நின்றால் நான் எதை வைத்து அவனைப் பழிவாங்குவது? அதனால் மாற்றவில்லை. இப்படி யோசிக்கிற ஒருவனுக்கு லைசென்ஸ் கொடுத்த ஆபீசரை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

போன மாதம் விடுதி மேனேஜர் நாற்பது விரிப்பைத் திருப்பி அனுப்பி, இனி வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாராம். மத்தியானம் உன் மாமன் வீட்டுக்கு வந்தான். உன் அம்மா வழக்கம்போல் தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, "அக்கா, புகை வரும்னு தெரிஞ்சேதான் வித்தேன், மீட்டரையும் நான்தான் திருப்பினேன். அத்தானை நிறுத்தச் சொல்லு, செலவு மொத்தமும் நான் பாத்துக்கறேன்" என்றான். உன் அம்மா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதி டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டம்ளரைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவன் எழுந்து போய் ரொம்ப நேரம் கழித்தும் அதே டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்து மாதம் புகை விட்டும் ஆகாத காரியம் அந்தத் தொட்டியடியில் ஒரு நிமிடத்தில் ஆகிவிட்டது.

அடுத்த நாளே வண்டி மெக்கானிக்கிடம். உன் மாமனும் வந்து நின்றான். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "ரிங்கோட நிக்கல, சிலிண்டரே கீறிப்போச்சு. இது ஓடித் தேஞ்சதில்ல, யாரோ ஆறின எஞ்சினை நிறுத்தி வெச்சு ஏறி மிதிச்சிருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னார். நான் கூரையில் எத்தனை தகரம் என்று எண்ணினேன். உன் மாமனுக்குத் துணி தெரியும், எஞ்சின் தெரியாது. "எதுவா இருந்தாலும் என் பேர்லயே எழுதுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். ரிங்குக்கு மட்டும் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல மூன்று மடங்கு ஆனது, அவன் ஸ்கூட்டரை விற்றுக் கொடுத்தான். நேற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நடந்துபோகிறான், பின்னால் காலி வண்டியில் நான். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன் என்று நினைப்பாய். ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். வயிறு குளிர்ந்தது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

நிற்க. கார் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போ, பானட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடு. பெடல் ரப்பரைப் பார். கால் வைக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார். வாங்குகிற விலையில் கால்பங்கு முதல் வருட ரிப்பேருக்கென்று தனியாக இல்லாவிட்டால் வாங்காதே. யாராவது சத்தியம் செய்தால் வாங்கவே வாங்காதே.

உன் மாமன் வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கப் போகிறானாம், பணம் உன்னுடையது என்று இப்போதுதான் உறைத்திருக்கிறது. அழுவான், நீயும் இளகுவாய், உடனே மன்னித்துவிடாதே. யோசித்துச் சொல்கிறேன் மாமா என்று சொல்லி வை. எஞ்சின் கெட்டதில் பெரும்பங்கு என் காலால் வந்தது என்பது அவனுக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது, இப்போது உனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், சொன்னால் நான் மறுக்க மாட்டேன், ஸ்கூட்டர் பணத்தில் என் பங்கைக் கொடுத்தும் விடுவேன். ஒன்றே ஒன்று, கிளட்சும் வழுக்குகிறது, அதை அடுத்த மாதம் மாற்றித் தருவதாக அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். எதுவானாலும் அதற்குப் பிறகு சொல்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பிரேக்கோடும் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் பல் வைத்தியரைப் போய்ப் பார், தள்ளிப்போடாதே.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா