முகம் காட்டாத படம்

மொஸ்தகானம், அல்ஜீரியா, 6 மார்ச் 1994

என் அருமை அண்ணன் லார்பிக்கு,

மார்சேயில் குளிர் குறைந்ததா? இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை, தங்கையை மறந்துவிட்டாயா?

நீ அனுப்பிய கேமராவில் எட்டு வருடம் கல்யாணம் எடுத்தேன். மணப்பெண் அழும்போது எங்கே நிற்பது என்று தெரிந்துகொண்டதுதான் என் சினிமாப் படிப்பு. பிறகு சொந்தமாகச் சின்னச் சின்ன ஆவணப்படங்கள். இப்போது ஐந்தாவது படம். மலையில் பதுங்கியிருக்கும் ஆயுதக்காரர்கள் புருஷனைக் கொண்டுபோன நான்கு பெண்கள் பேசுகிறார்கள். முகம் காட்டப் பயம். அதனால் கைகளையும் முதுகையும் மட்டுமே எடுக்கிறேன்.

அந்த நால்வரில் ஒருத்தி, பக்கத்து வீட்டு ஃபதீஹா கேட்டாள்: "ஏன்டி ஹூரியா, என் முதுகு அவ்வளவு அழகா? கடைசிவரைக்கும் என் மனுசன்கூட இப்படிப் பாத்ததில்லயே!"

சிரித்தோம். வாசலில் காலடி கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ரொட்டிக்காரன்தான்.

உன் ஹூரியா

மார்சே, பிரான்ஸ், 20 மார்ச்

கண்ணான தங்கைக்கு,

கையையும் எடுக்காதே, முதுகையும் எடுக்காதே. அங்கிருந்து வருகிறவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் சோறு இறங்குவதில்லை. கப்பலேறி வந்துவிடு. அறை சின்னதுதான், கட்டில் உனக்கு, தரை எனக்கு. இங்கேயும் நம்மவர்கள் கல்யாணம் செய்கிறார்கள், அதை எடு. அம்மாவுக்குப் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் அண்ணன் லார்பி

மொஸ்தகானம், 11 ஏப்ரல்

அண்ணா,

வெள்ளிக்கிழமை கதவடியில் ஒரு உறை கிடந்தது. உள்ளே மய்யத்துக்குச் சுற்றும் கஃபன் துணியில் ஒரு துண்டு, சின்ன சோப்பு, ஒரு வரி: "கேமராக்காரி, உன்னைக் குளிப்பாட்ட ஆள் பார்த்தாகிவிட்டது."

ஃபதீஹாவிடம் காட்டினேன். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "எங்க குரல் அதுல இருக்குடி. எரிச்சிடு. எனக்கு மூணு புள்ளைங்க."

அதுவரை எடுத்த படம் இருந்த ஏழு கேசட்டுகளையும் அடுப்பில் போட்டேன். அந்த நாற்றம் இன்னும் தலைமுடியில் இருக்கிறது. கதவுக்குக் குறுக்கே பீரோவை நகர்த்திவிட்டுத்தான் குளிக்கவே போகிறேன். ஆனாலும் வரமாட்டேன். என்னை நம்பி வாய் திறந்தவர்களை விட்டுவிட்டு எப்படி வருவது?

ஹூரியா

மார்சே, 25 ஏப்ரல்

ஹூரியா,

எரிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த உறை மலைக்காரர்கள் வைத்ததல்ல. நான் சொல்லி, சித்தப்பா மகன் மிலூத் வைத்தான். பயந்தாவது கப்பலேறுவாய் என்று நினைத்தேன். ஒருநாள் உன்னைப் புதைக்க ஊருக்கு வர நேருமோ என்ற பயத்தில் புத்தி கெட்டுவிட்டது. திட்டு, சபி. பதில் மட்டும் போடு.

லார்பி

மொஸ்தகானம், 30 மே

லார்பி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நால்வருக்கும் படித்துக் காட்டினேன். ஃபதீஹா சொன்னாள்: "கூடப் பொறந்தவனே இப்படின்னா, இனிமே யாருக்குடி ஒளியறது? மூஞ்சியவே எடு."

முதல் முறையாகக் கேமராவை அவள் கண்ணுக்கு நேரே வைத்தேன். பயம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். விரல் நடுங்கி ஓரிடத்தில் படம் மங்கிவிட்டது. அதை வெட்டப்போவதில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலைக்காரர்களால்கூட என் கையால் என் படத்தை எரிக்க வைக்க முடியவில்லை. உங்களால் முடிந்தது.

நாளை வீடு மாறுகிறேன், மிலூத்துக்குத் தெரியாத இடத்துக்கு. முகவரியை உங்களுக்கும் எழுதப்போவதில்லை.

ஹூரியா