மிச்சமிருக்கும் மூணு பாடம்

வில்மர், மின்னசோட்டா
பிப்ரவரி 16, ஞாயிறு

என் ராசா கோல்பிக்கு அம்மா எழுதுறது. அப்பாவும் நானும் உன் தங்கச்சி டெஸ்ஸாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அந்த அரிசோனா வெயில்ல நீயும் அப்படியே இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறேன். இங்க பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறிக் கிடக்கு, இந்த வாரம் ரெண்டு நாள் நான் ஓட்டுற ஸ்கூல் பஸ்ஸை வெளிய எடுக்க முடியல, நான் வீட்டுலயே அடைஞ்சு கிடந்தேன். வேலை இல்லாம உக்காந்தா எனக்கு மனசு எங்கெங்க போகும்னு உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நீ போன்ல சொன்னதுலேருந்து எனக்கு அதே நினைப்புதான். மெஷின் சம்பந்தப்பட்ட பாடமெல்லாம் முடிச்சாச்சு, மிச்சம் இருக்கறது சினிமா வரலாறு, தத்துவம், மேடைப் பேச்சுன்னு மூணு பொதுப் பாடம், அதுக்காக இன்னும் ஆறு மாசம் காசைக் கொட்டணுமா, காற்றாலைக் கம்பெனியில பட்டம் இல்லாமலே ஏப்ரல்ல சேந்துக்கச் சொல்றாங்கன்னு சொன்ன. அப்பா உடனே உன் பக்கம் சாஞ்சுட்டார், காற்றாடி ரிப்பேர் பண்றவனுக்குச் சினிமா வரலாறு எதுக்குன்னு சிரிச்சார். ஆனா இருபத்திரண்டு வருஷம் தானியக் கிடங்குல உழைச்ச அவரை விட்டுட்டு, சரித்திரம் படிச்ச ஒரு பொண்ணை மேற்பார்வைக்கு வெச்சாங்களே, அப்போ மூணு நாள் அவர் வேலை விட்டு வந்ததும் கராஜ்லயே கிடந்தார். அந்தப் பொண்ணு நல்லவதான், இன்னைக்கும் மோட்டார் விஷயத்துல இவர்கிட்ட கேட்டுட்டுதான் கையெழுத்துப் போடுறா. பட்டம் ஒரு காகிதம்னு அவர் சொல்றப்போ அந்தக் காகிதம் இல்லாம அவர் நின்னது எனக்குத்தான் தெரியும். இன்னொரு பக்கம் பிரெண்டா சித்தி பொண்ணு எல்லாப் பாடமும் ஒழுங்கா முடிச்சுட்டு துணிக்கடையில சட்டை மடிச்சிட்டிருக்கா, அதையும் நான் மறைக்க முடியாது. அதனால படிப்பு கொடுத்த காசுக்குத் தகுமான்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியலடா. பொதுப் பாடத்துல ஒண்ணா நீ எடுத்த பாறைப் பாடம் வீண்னு திட்டின, ஆனா நவம்பர்ல லீவுக்கு வந்தப்போ நம்ம ஏரியை ஆதி காலத்துப் பனிப்பாறை எப்படித் தோண்டுச்சுன்னு சாப்பிட மறந்து ஒரு மணி நேரம் சொன்ன. அப்பா இப்பவும் மீன் பிடிக்கப் போனா கூட வர்றவங்ககிட்ட அதைத் தன் சொந்தச் சரக்கு மாதிரி அளக்கறார்.

இப்போ ஒரு தப்பை ஒத்துக்கணும். செவ்வாய்க்கிழமை உன் காலேஜ்லேருந்து உன் பேருக்கு ஒரு கவர் வந்தது, வரிக் காகிதம்னு நினைச்சுப் பிரிச்சுட்டேன். மேடைப் பேச்சு வகுப்புலேருந்து நீ ரெண்டு தடவை பாதியில விலகியிருக்க, மூணாவது தடவை சேர ஆலோசகர் கையெழுத்து வேணும்னு போட்டிருந்தது. அடுப்படியில நின்னபடியே நாலு தடவை படிச்சேன். காசு இல்லை விஷயம், பேச்சு திக்குதுன்னு பயந்துதான் வகுப்பை விட்டு ஓடியிருக்கன்னு அப்பதான் புரிஞ்சது. ரெண்டு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லாம எப்படித் தாங்கினியோ. அப்பாகிட்ட நான் காட்டலை, அது நீ சொல்ல வேண்டிய விஷயம்.

மறுநாள் பனி கொஞ்சம் விட்டதும் நம்ம ஊர்ச் சமுதாயக் கல்லூரிக்குப் போனேன், கோடையில இங்க வந்து அந்தப் பாடத்தை முடிச்சா உன் காலேஜ்ல ஏத்துப்பாங்களான்னு கேக்க. உன் ஆலோசகர் சம்மதிச்சா செல்லும், செலவும் பாதிக்குக் கீழேன்னு அங்க ஆபீஸ்ல இருந்த ஒரு பொண்ணு சொன்னா, வேணும்னா இப்போ நடக்கற மேடைப் பேச்சு வகுப்பைப் பாத்துட்டுப் போங்கன்னும் சொன்னா. மொத்தம் பத்துப் பேர்தான். ஒரு பால்பண்ணைக்காரர் கறவை மெஷின் கழுவுறதைப் பத்திப் பேசினார், ஒவ்வொரு வரிக்கும் கையில இருந்த காகிதத்தைப் பாத்துக்கிட்டார். அப்புறம் ஹோதன்னு ஒரு சோமாலியப் பொண்ணு, முதல் குழந்தை பிறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில பாஷை தெரியாம தவிச்சதைச் சொல்ல வந்தா. பாதியில ஒரு வார்த்தை கிடைக்காம நின்னுட்டா. ரொம்ப நேரம். எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்துட்டேன். வாத்தியார் என்னைப் பாத்து மெதுவா தலையை ஆட்டினார், வேண்டாம்னு. யாரும் அசையல. அவளே கண்டுபிடிச்சுச் சொன்னா, சொல்லிட்டு உக்காந்தப்போ அவ முகத்தை நீ பாத்திருக்கணும்.

வண்டியில வந்து உக்காந்து அழுதேன் கோல்பி. நீ அஞ்சு வயசுலேருந்து எந்த வார்த்தையில நின்னாலும் நான்தான் முடிச்சு வெச்சேன், ஹோட்டல்ல, சர்ச்சுல, டாக்டர்கிட்ட. உதவின்னு நினைச்சேன். உனக்கு வராதுன்னு நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேனோன்னு இப்போ பயமா இருக்கு. போன்ல பேசினா மறுபடி அதையே செய்வேன்னுதான் எழுதுறேன்.

வேலைக்குப் போறதுன்னா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன், அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா காசுக்காகன்னு முடிவு பண்ணினாத்தான் போகணும், பயத்துக்காகப் போகாத. காலேஜ்லேருந்து விலகுற படிவத்துல மார்ச் ஒண்ணு வரைக்கும் கையெழுத்துப் போடாம இரு, அதுக்குள்ள ஆலோசகரை ஒரு தடவை பாத்து, கோடையில இங்க படிச்சா செல்லுமான்னு கேளு.

கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், நீ எடுக்குற முடிவு உனக்கு நல்லதா அமையட்டும். காரோட முன் பிரேக்கை மெக்கானிக்கிட்ட காட்டிடு, தள்ளிப் போடாத. படிச்சதும் போன் பண்ணு. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் குறுக்க பேசாம கேட்டுக்கிட்டிருப்பேன்.

உன்னையே நினைச்சிட்டிருக்கற
அம்மா ஜொலீன்